வீட்டுக் கம்ப்யூட்டரில் பழக எந்த டேட்டாபேஸ் சர்வர்?

வேலூர் மண்டி வீதி தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு கடைத்தெருக்கள் வரை, வணிகர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று கம்ப்யூட்டர் படிக்கிறார்கள். சிலருக்கு அது ப்ளஸ் டூவில் ஒரு பாடம். சிலருக்குக் கல்லூரியில் பி.சி.ஏ. அல்லது பொறியியல். பாடம் டேட்டாபேஸ் என்னும் தரவுத்தளத்துக்கு வந்ததும் பிள்ளை தகப்பனாரிடம் வந்து நிற்கிறது. "வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு சர்வர் போட்டுப் பழகணும்ப்பா, எதைப் போடலாம்?" நமக்கு இதில் என்ன தெரியும் என்று கடைக்காரர் பேசாமல் இருந்துவிடுகிறார். இல்லாவிட்டால் பெரிய பெயராகச் சொல்லும் ஒரு பயிற்சி நிலையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு வருகிறார்.

இது படித்தவர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று நாம் கருதவில்லை. கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் நாம். கணக்கை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்பதில் நமக்கும் ஒரு கருத்து இருக்க வேண்டும். நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வீட்டில் பழகுவதற்குப் போஸ்ட்கிரஸ் எஸ்.க்யூ.எல். என்னும் இலவச சர்வரே ஏற்றது. ஏன் என்பதைக் கடைக்கணக்கு பாஷையிலேயே சொல்ல முடியும்.

பற்றுப் புத்தகம் சொல்லும் சேதி

நமது வட்டாரத்தில் மளிகைக் கடையின் வரவு தோல் பதனிடும் ஆலைகளையும் ஷூ கம்பெனிகளையும் ஒட்டியே ஏறி இறங்குகிறது. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் மாதம் முழுவதும் பற்று வைத்துச் சாமான் வாங்கி, சம்பளம் வந்ததும் தீர்க்கின்றன. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்கு மனுப் போட்டார்கள். கடைக்காரர் யாருக்கு மனுப் போடுவது? வெளிநாட்டு ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் நிற்கும். ஓவர்டைம் நின்றால் பற்றுப் புத்தகத்தில் பாக்கி ஏறும்.

எந்தத் தெருவில், எந்த வாரத்திலிருந்து பாக்கி ஏறுகிறது? எந்தச் சாமானை வாங்குவதை முதலில் குறைக்கிறார்கள்? சீரகச் சம்பா வாங்கியவர் எப்போது சாதா அரிசிக்கு மாறினார்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை நமது புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் அதை எடுக்க இரண்டு ராத்திரி பக்கம் புரட்ட வேண்டும். தரவுத்தளத்தில் எழுதப்பட்ட கணக்கானால் நாலு வரிக் கட்டளையில் விடை வந்துவிடும்.

"எங்கள் கடையில்தான் பில் போடும் சாஃப்ட்வேர் இருக்கிறதே" என்று சிலர் சொல்லக்கூடும். இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர் எந்த அறிக்கையை வைத்தாரோ அதுதான் கிடைக்கும். நாம் கேட்க நினைப்பதைக் கேட்க வழியில்லை. ஆண்டுச் சந்தா கட்டத் தவறினால் பழைய கணக்கையும் காட்டாமல் பூட்டிக்கொள்ளும் சாஃப்ட்வேர்களும் உண்டு. விற்றவர் தொழிலை விட்டுப் போய்விட்டால் கேட்க ஆள் இல்லை. ஜி.எஸ்.டி. சட்டமோ, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய நாளிலிருந்து 72 மாதம் கணக்குகளைக் காக்க வேண்டும் என்கிறது. ஆறு ஆண்டு காக்க வேண்டிய கணக்கு எங்கே, எந்த வடிவில் இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டாமா? பிள்ளை தரவுத்தளம் படிப்பதில் நமது அக்கறை இங்கேதான் தொடங்குகிறது.

சர்வர் என்றால் யார்?

சர்வர் என்றதும் குளிர்சாதன அறையில் நிற்கும் பெரிய இயந்திரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு புரோகிராம்தான். வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே அது ஓடும்.

பழைய மண்டிகளில் கணக்குப்பிள்ளை ஒருவர் இருப்பார். பேரேட்டை அவரைத் தவிர வேறு யாரும் தொட முடியாது. முதலாளி கேட்டாலும், குமாஸ்தா கேட்டாலும், சரக்கு இறக்குபவர் கேட்டாலும், அவர்தான் புத்தகத்தைப் பார்த்துச் சொல்வார், அவர்தான் பதிவார். ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே பக்கத்தில் எழுதிக் குழப்பும் பேச்சே இல்லை. டேட்டாபேஸ் சர்வர் அந்தக் கணக்குப்பிள்ளைதான். கல்லாவில் ஒரு கம்ப்யூட்டர், குடோனில் ஒரு கம்ப்யூட்டர், முதலாளி கையில் ஒரு போன் என்று மூன்று இடத்திலிருந்து கேட்டாலும் வரிசைப்படுத்திப் பதில் சொல்லும்.

எக்செல் போன்றவை கல்லாவின் மேல் திறந்து கிடக்கும் நோட்டுப் போன்றவை. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், எதை வேண்டுமானாலும் எழுதலாம். சிறிய வேலைக்கு அது போதும். ஆனால் கணக்குப்பிள்ளையின் ஒழுங்கை நோட்டில் கற்றுக்கொள்ள முடியாது.

பாக்ஸ்புரோ தந்த பாடம்

1990-களில் கம்ப்யூட்டர் சென்டர் என்றால் டிபேஸ், பாக்ஸ்புரோ என்று பலகை தொங்கும். பலர் பணம் கட்டிப் படித்தார்கள். கடைகளுக்குப் பில் புரோகிராம் எழுதிக் கொடுத்தவர்களும் அதில்தான் எழுதினார்கள். பாக்ஸ்புரோவை உருவாக்கிய கம்பெனியை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. கடைசிப் பதிப்பு 2004-ல் வந்தது. இனிப் புதிய பதிப்பு இல்லை என்று 2007-ல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் முடிந்தது. அந்தக் கட்டளைகளை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

அதே காலத்தில் எஸ்.க்யூ.எல். என்னும் கேள்வி மொழியைப் படித்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் வரவில்லை. 1970-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கோட் என்பவர், கணக்கை அட்டவணைகளாகப் பிரித்து ஒன்றோடொன்று இணைக்கும் முறையை எழுதினார். அதே நிறுவனத்தின் சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974-ல் அதற்கொரு மொழி அமைத்தார்கள். 1986-ல் அமெரிக்கத் தர நிறுவனம் அதைப் பொதுத் தரமாக ஏற்றது. அரை நூற்றாண்டு ஆகியும் அதன் அடிப்படை மாறவில்லை. சரக்கின் பெயர் மாறலாம், எடைக்கல் மாறாது என்பது போலத்தான்.

நமது தமிழ்நாட்டுப் பாடநூலும் இதற்குச் சாட்சி. முன்பிருந்த ப்ளஸ் டூ கணிப்பொறி அறிவியல் புத்தகம் ஸ்டார் ஆபீஸைக் கொண்டு பாடம் நடத்தியது. அந்தப் பெயரில் இன்று எதுவும் விற்பனைக்கு வருவதில்லை. 2019-ல் வந்த புதிய புத்தகமோ எஸ்.க்யூ.எல். மொழியைத் தனிப் பாடமாக வைத்து, எஸ்.க்யூ.லைட்டில் பழக்குகிறது. கணினிப் பயன்பாடுகள் புத்தகம் மைஎஸ்.க்யூ.எல்-ஐ எடுத்துக்கொள்கிறது. ஆகவே பிராண்டைப் படிக்காமல் மொழியைப் படிக்க வேண்டும் என்பதே நமது முதல் விதி. அந்த மொழியை ஒழுங்காகப் பேசப் பழக்கும் சர்வர் எது என்பதுதான் அடுத்த கேள்வி.

களத்தில் இருப்பவர்கள்

எஸ்.க்யூ.லைட் 2000-ல் ரிச்சர்டு ஹிப் என்பவர் எழுதியது. நமது செல்போனுக்குள் இன்று ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான். மிகச் சிறியது, முற்றிலும் இலவசம், எவ்வளவு பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். முதல் மாதம் இதில் பழகுவது நல்லது. ஆனால் இது சர்வர் அல்ல. நோட்டுக்குச் சற்று மேலான நோட்டு. விலை என்ற பத்தியில் "பத்து ரூபாய்" என்று எழுத்தில் போட்டாலும், நாம் தனியே கட்டுப்பாடு விதிக்காத வரை, வாங்கிக்கொள்ளும்.

மைஎஸ்.க்யூ.எல். 1995-ல் தோன்றியது. அதை உருவாக்கிய பின்லாந்துக்காரர் விடேனியஸ் தன் மகள் மை என்பவரின் பெயரை அதற்கு வைத்தார். 2008-ல் சன் நிறுவனம் இதை நூறு கோடி டாலருக்கு வாங்கியது. 2010-ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியது. உரிமை கைமாறுவதைக் கண்ட விடேனியஸ் 2009-லேயே மரியாடிபி என்று தனிக்கடை போட்டுவிட்டார். அது இளைய மகளின் பெயர். இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, இணையதளங்களில் பெருமளவில் ஓடுகின்றன. கல்லூரியில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்றால் பிள்ளை வீட்டிலும் இதையே போடுவதில் தவறில்லை.

ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் இரண்டும் பெரிய மண்டிகள். இருவரும் பழகுவதற்கு இலவசப் பதிப்பு தருகிறார்கள். ஆரக்கிளின் இலவசப் பதிப்பு 12 ஜி.பி. கணக்கு, 2 ஜி.பி. நினைவகம் என்ற வரம்போடு வருகிறது. வீட்டுக்கு அது தாராளம். ஆனால் நிறுவுவதற்கே கம்ப்யூட்டர் திணறும். மைக்ரோசாஃப்டின் டெவலப்பர் பதிப்பில் எல்லா வசதியும் உண்டு. ஆனால் உண்மையான தொழிலுக்கு அதைப் பயன்படுத்த உரிமம் இடம் தருவதில்லை. படித்து முடித்ததைக் கடையில் போட்டுப் பார்க்கும்போதுதான் விலைப்பட்டியல் கையில் வரும்.

போஸ்ட்கிரஸ் 1986-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்டோன்பிரேக்கர் என்ற பேராசிரியர் தொடங்கிய ஆராய்ச்சி. 1996 முதல் இன்றைய பெயரில் உலகெங்கும் உள்ள பலர் சேர்ந்து நடத்துகிறார்கள். எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஆகவே யாரும் வாங்கி மூடிவிட முடியாது. ஆண்டுக்கொரு பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு. படிக்கவும் இலவசம், கடையில் ஓட்டவும் இலவசம், நூறு கடைக்கு விற்றாலும் இலவசம்.

கடைக்காரர் வைக்கும் மூன்று சோதனைகள்

முதலாவது காசுச் சோதனை. கம்ப்யூட்டரில் தசம எண்ணை வைக்கும் சாதாரண முறையில் 10 காசும் 20 காசும் கூட்டினால் சரியாக 30 காசு வராது; பதினேழாம் இடத்தில் ஒரு பிசிறு நிற்கும். ஒரு பில்லில் தெரியாது. ஆண்டு முடிவில் ஐந்தொகை ஒத்துப்போகாதபோது தெரியும். போஸ்ட்கிரஸில் நியூமெரிக் என்ற வகையில் பணத்தைப் பிசிறில்லாமல் வைக்கலாம். மற்றப் பெரிய சர்வர்களிலும் இவ்வசதி உண்டு. எஸ்.க்யூ.லைட்டில் இல்லை, அதில் எல்லாவற்றையும் காசாக்கி முழு எண்ணாகவே எழுத வேண்டும்.

இரண்டாவது பாதிப் பதிவுச் சோதனை. ஒரு மூட்டை துவரம்பருப்பு பற்றில் போகிறது. சரக்கு இருப்பில் ஒன்று குறைய வேண்டும், வாடிக்கையாளர் பாக்கியில் தொகை ஏற வேண்டும். முதல் பதிவு முடிந்து இரண்டாவது எழுதும் முன் கரண்ட் போனால்? இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடக்கக் கூடாது. இதற்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். நமது இரட்டைப் பதிவு முறையின் தத்துவமே இதில் இருக்கிறது. மைஎஸ்.க்யூ.எல்-இல் இந்தப் பாதுகாப்புள்ள முறை தானாக அமையத் தொடங்கியது 2010-ல் வந்த பதிப்பிலிருந்துதான். போஸ்ட்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அட்டவணையின் அமைப்பையே மாற்றும்போது இடையில் தவறு நேர்ந்தாலும் பழையபடி திரும்பிக்கொள்ளலாம். மைஎஸ்.க்யூ.எல்., ஆரக்கிள் இரண்டிலும் அமைப்பை மாற்றினால் மாற்றியதுதான். தவறு செய்து பழக வேண்டிய மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது பொய்ப் பதிவுச் சோதனை. "இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது" என்று ஒரு நிபந்தனை வைக்கிறோம். கையில் பத்து மூட்டை இருக்கும்போது பன்னிரண்டு விற்றதாகப் பதிந்தால் கணக்குப்பிள்ளை பேனாவைக் கீழே வைக்க வேண்டும். மைஎஸ்.க்யூ.எல். 2019 வரை அந்த நிபந்தனையைக் கேட்டுக்கொண்டு தலையாட்டும், ஆனால் அமல்படுத்தாது. இப்போது திருத்திக்கொண்டது. போஸ்ட்கிரஸ் நெடுங்காலமாகவே மறுத்துவிடும் கண்டிப்பான ஆள். படிக்கிற வயதில் கண்டிப்பான வாத்தியாரிடம் படிப்பதே நல்லது. அங்கே பழகியவர் வேறெங்கும் தடுமாற மாட்டார்.

எழும் ஆட்சேபங்கள்

"டேலி இருக்கும்போது இது எதற்கு?" பெங்களூரில் 1986-ல் தொடங்கிய டேலி, நமது நாட்டு வணிகர்களுக்காகவே எழுதப்பட்ட கணக்கு சாஃப்ட்வேர். அது இருக்கட்டும். கடைக் கணக்கை உடனே மாற்றுங்கள் என்று நாம் சொல்லவில்லை. டேலி ஓட்டத் தெரிவது வண்டி ஓட்டத் தெரிவது போல. தரவுத்தளம் தெரிவது என்ஜினைத் திறந்து பார்க்கத் தெரிவது போல. டேலியிலிருந்தும் விவரங்களை வெளியே எடுக்க வழி உண்டு. எடுக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அது நமது பலம்.

"ஆரக்கிள் என்று சொன்னால்தானே வேலை கிடைக்கும்?" போஸ்ட்கிரஸுக்குள் புரோகிராம் எழுதும் மொழி, ஆரக்கிளின் மொழியை ஒட்டியே அமைக்கப்பட்டது. ஒன்றைப் படித்தவர் மற்றதற்கு மாறுவது, பாக்ஸ்புரோக்காரர் பட்டபாடு போல அல்ல. மேலும் நமது சென்னையின் ஜோஹோ நிறுவனம் உலகெங்கும் விற்கும் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் பலவற்றில் போஸ்ட்கிரஸ் சேர்த்தே தரப்படுகிறது. வேலைக்கு உதவாத படிப்பு இது அல்ல.

"எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டதே?" வாடகைக் குடோனில் சரக்கு வைப்பது போன்றது கிளவுட். தொழிலுக்கு அது தேவைப்படலாம். பழகுவதற்கு வேண்டாம். கார்டு எண் கேட்பார்கள். இலவசக் காலம் முடிந்தது தெரியாமல் ஓடவிட்டால் பில் வரும். வீட்டுக் கம்ப்யூட்டரில் எத்தனை முறை அழித்து எழுதினாலும் செலவு கரண்ட் மட்டும்தான். நெட் இல்லாத நேரத்திலும் ஓடும்.

எப்படித் தொடங்குவது?

புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. 64-பிட் விண்டோஸ் ஓடும் சாதாரண கம்ப்யூட்டரோ, 2011 முதல் அரசு வழங்கிய மடிக்கணினிகளில் நல்ல நிலையில் உள்ளதோ கூடப் போதும். தானாக அமையும்போது போஸ்ட்கிரஸ் தன் பொது உபயோகத்துக்கு ஒதுக்குவது 128 எம்.பி. நினைவகம்தான். 32-பிட் விண்டோஸ் உள்ள பழைய இயந்திரமானால் புதிய பதிப்புகள் ஏறா, அதில் எஸ்.க்யூ.லைட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்க வேண்டும். நிறுவும்போது கேட்கும் பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்க வேண்டும். சர்வர் அந்தக் கம்ப்யூட்டருக்குள் இருந்து கேட்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லுமாறே இருக்கட்டும். வெளியே திறந்துவிடக் கூடாது. 2017 ஜனவரியில் மாங்கோடிபி என்ற மற்றொரு சர்வரைப் பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்த ஆயிரக்கணக்கானோரின் தகவலை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள்.

பழகுவதற்கு மூன்று அட்டவணைகள் போதும்: வாடிக்கையாளர், சரக்கு, பற்று வரவு. சரக்குப் பெயர்களைத் தமிழிலேயே, யூனிகோடில் எழுதலாம். புத்தகத்தில் வரும் "ஊழியர், துறை" உதாரணங்களைவிட, புளி, மிளகாய், எண்ணெய் டின் கணக்கு நமது பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். எழுபது நாளாகத் தீராத பாக்கி யாருடையது, எந்தத் தெருவில் பற்று ஏறுகிறது என்று தகப்பனார் கேள்வி கேட்கட்டும். பிள்ளை கட்டளை எழுதட்டும். பாதிப் பதிவில் சர்வரை நிறுத்திப் பார்க்கட்டும். பேக்கப் எடுத்து, முழுவதையும் அழித்துவிட்டு, மறுபடியும் அதிலிருந்து மீட்டுப் பார்க்கட்டும். மீட்டுப் பார்க்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

இரண்டு எச்சரிக்கைகள். வாடிக்கையாளரின் உண்மையான பெயர், போன் எண்ணைப் பழகும் கணக்கில் போடக் கூடாது. கற்பனைப் பெயர்களே போதும். நம்மை நம்பிப் பற்று வைத்தவரின் கடன் விவரம் வெளியே போவது நமது கௌரவத்துக்கும் இழுக்கு, 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்கும் புறம்பு. இரண்டாவது, பிள்ளை எழுதியதை நம்பிக் கடையின் அசல் கணக்கை உடனே மாற்றிவிடக் கூடாது. ஓர் ஆண்டு பக்கத்தில் ஓடட்டும். மாதா மாதம் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சர்வர் என்று சிதறினால், சந்தேகம் கேட்கக் கூட ஆள் இருக்காது. ஊருக்கு ஒன்றாகத் தீர்மானித்துக்கொண்டால், ஒருவருக்குத் தெரிந்தது பத்துப் பேருக்குப் போகும். வேலூர் வி.ஐ.டி., மேல்விஷாரம் அப்துல் ஹக்கீம் கல்லூரி, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி என்று நமது வட்டாரத்தில் படிப்புக்குக் குறைவில்லை. அங்கு படிக்கும் நமது உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளையே கொண்டு, சங்கக் கட்டடத்தில் கோடை விடுமுறையில் வாரம் ஒருநாள் வகுப்பு நடத்தலாம். பெண் பிள்ளைகளும் வருமாறு நேரம் வைக்க வேண்டும். பல கடைகளில் கணக்கு எழுதுவது அவர்கள்தான். இதற்கு வேண்டியது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பலகை, கற்பனைப் பெயர்களோடு ஒரு மாதிரிப் பற்றுக் கணக்கு. சாஃப்ட்வேருக்குச் செலவு ஒன்றுமில்லை.

படித்த பிள்ளை நாளை சென்னைக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகலாம், கல்லாவிலேயே உட்காரலாம். இரண்டில் எதுவானாலும் நமது கணக்கு எங்கே இருக்கிறது, அதை எப்படிக் கேட்பது, எப்படிக் காப்பது என்று தெரிந்த ஒருவர் குடும்பத்தில் இருப்பார். அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி முடிவெடுக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை காத்திருக்க வேண்டாம் என்று நினைப்பவர்கள், வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை அடைத்த பிறகு வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து முதல் அட்டவணையைத் தொடங்கிவிடலாம்.